வீட்டில் செய்து, வீட்டில் விளைவித்துச் செலவைக் குறைக்க: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாப்பாட்டுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் வாங்குவது தொட்டியும் மண்ணும் விதையும்தான். நான் இதைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது எப்படி விதைப்பது, எப்படிப் புளிக்க வைப்பது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருந்தார்கள். எதற்கு எவ்வளவு செலவாகும், போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. அங்கங்கே தேடி, செய்து பார்த்து, கணக்கு எழுதித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

இதில் வரிசை ரொம்ப முக்கியம். முதலில் கணக்கு, அடுத்து சமையலறை, அதற்கப்புறம்தான் மண். சமையலறையில் செய்யும் மாற்றம் முதல் வாரமே பணத்தை மிச்சப்படுத்தும். தோட்டம் முதலில் பணம் கேட்கும், பல வாரம் கழித்துத்தான் திருப்பித் தரும். சமையலறையில் மிஞ்சிய பணத்தைத் தோட்டத்துக்கு முதலாகப் போட்டால் கையைக் கடிக்காது.

1. ஒரு மாத ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு முழு மாதம் உணவுக்காகச் செய்யும் ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வாங்கி வையுங்கள். ரசீது தராத இடத்தில் வாங்கினால் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். பொருள், அளவு, விலை, அதில் எவ்வளவு குப்பைக்குப் போனது என்று நான்கு கட்டங்கள் போதும்.

நான்காவது கட்டத்தைப் பலர் எழுதுவதில்லை. மிச்சம் பிடிக்க நிறைய இடம் இருப்பது அங்கேதான். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகியவற்றில் வீணான உணவு 105 கோடி டன். அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. வாடிப்போன கீரை, பாதி பயன்படுத்திய புதினாக் கட்டு, காய்ந்துபோன பிரெட் என்று உங்கள் நோட்டிலும் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றை வட்டமிடுங்கள். கொஞ்சமாகத் தேவைப்பட்டு, கட்டாகத்தான் வாங்க முடிகிற, சீக்கிரம் கெட்டுப்போகிற பொருட்களே வீட்டில் வளர்க்க முதல் தகுதி பெற்றவை. சமைக்கும் நேரத்தில் நான்கு இலை பறித்துக்கொள்ளலாம், மீதி செடியிலேயே இருக்கும்.

அப்புறம் இன்னொரு வட்டம் போடுங்கள். கடையில் வேறொருவர் உழைப்பைச் சேர்த்து விற்கும் பொருட்கள் எவை? தயிர், பிரெட், டின்னில் வரும் வேகவைத்த பயறு, அரைத்த பொடிகள், சாலட் இலைப் பொட்டலம் எல்லாம் இந்த வகை. மூலப்பொருளின் விலைக்கும் இவற்றின் விலைக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் மிச்சப்படுத்தக்கூடிய தொகை. உங்கள் வீட்டில் யாரும் சாப்பிடாத பொருளை எவ்வளவு மலிவாகச் செய்தாலும் ஒரு காசும் மிச்சமாகாது. அதனால் பட்டியலில் இல்லாத எதையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

2. இடத்துக்கான அனுமதியை இப்போதே கேளுங்கள்

மண் வேலை பிறகுதான் என்று சொல்லிவிட்டு இதை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம், அனுமதிக்கு நாளாகும் என்பதே. இன்று கேட்டுவிட்டுச் சமையலறை வேலையைத் தொடங்கினால், பதில் வருவதற்குள் ஓரளவு பணமும் கையில் சேர்ந்திருக்கும்.

சொந்த நிலமும் தனி வீடும் இருந்தால் இந்தப் படி சுருக்கமாக முடிந்துவிடும். வாடகை வீடு என்றால் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து முழுக்கப் படியுங்கள். பால்கனியில் பொருள் வைப்பது, சுவரில் ஆணி அடிப்பது, தோட்டத்தைத் தோண்டுவது, தண்ணீர்க் கட்டணம் ஆகியவை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உரிமையாளரிடம் வாய்வழியாகச் சரி என்று கேட்டு வாங்கியது வீட்டைக் காலி செய்யும் நாளில் உதவாது. எங்கே, எத்தனை தொட்டி, தண்ணீர் எப்படி வடியும், காலி செய்யும்போது என்ன செய்வீர்கள் என்று நான்கு வரியில் எழுதி அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கி ஒப்பந்தத்துடன் சேர்த்து வையுங்கள். முன்பணத்தில் கறைக்கும் ஈரத்துக்கும் பிடித்துக்கொண்டால் ஆண்டு முழுக்கப் பயிரிட்டு மிச்சம் பிடித்தது ஒரே நாளில் போய்விடும். தொட்டி வைக்கும் முன் அந்த இடத்தைத் தேதியுடன் புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத்தின் விதிகளையும் கேட்க வேண்டும். இங்கே எடைதான் பெரிய கேள்வி. 20 லிட்டர் தொட்டி ஒன்றில் மண் நிறைந்து தண்ணீரும் ஊறினால் 25 கிலோவை எட்டிவிடும். பத்துத் தொட்டி வைத்தால் மூன்று நான்கு பெரியவர்கள் இரவும் பகலும் அங்கேயே நிற்பதற்குச் சமம். பழைய கட்டடம் என்றால் எவ்வளவு எடை தாங்கும் என்று கட்டடப் பொறியாளரிடம் கேட்காமல் வைக்காதீர்கள்.

வீட்டில் இடமே இல்லாவிட்டால் சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தி வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருப்பது சகஜம், அதனால் பெயரை உடனே பதிந்துவிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஆண்டுக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், எத்தனை நாள் கவனிக்காமல் விட்டால் பாத்தியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்ற மூன்றையும் படியுங்கள்.

நிலத்தில் நேரடியாகப் பயிரிடப் போகிறவர்கள் மண் பரிசோதனைக்கும் இப்போதே மாதிரி அனுப்பலாம். பழைய வீட்டுச் சுவரை ஒட்டிய மண்ணில் உதிர்ந்த பெயின்ட் மூலம் ஈயம் கலந்திருக்கக்கூடும். நெடுஞ்சாலை ஓரத்திலும், முன்பு தொழிற்பட்டறை இருந்த இடத்திலும் இதே கவலை உண்டு. கார அமில அளவையும் சத்துகளையும் மட்டும் சொல்லும் சாதாரணப் பரிசோதனையில் ஈயம் தெரியாது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அறிக்கை சரியில்லை என்றால் அடியில் தடுப்பு விரித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை மேடைப் பாத்தியாகக் கொட்டிப் பயிரிடுவதே பாதுகாப்பு.

3. சமையலறையில் மூன்று பொருட்களை மாற்றுங்கள்

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய முயன்றால் களைப்பில் வெளியில் வாங்கிச் சாப்பிடும் செலவுதான் கூடும். ஒரு பொருள் பழகிய பிறகு அடுத்தது.

தயிரில் தொடங்குங்கள், ஏனென்றால் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு லிட்டர் பாலைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, சுமார் 85 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, 43 முதல் 45 டிகிரிக்கு ஆறவிடுங்கள். விரல் வைத்தால் சுட வேண்டும், ஆனால் பத்து நொடி தாங்க வேண்டும். இரண்டு கரண்டி தயிரை உறையாகக் கலந்து, பாத்திரத்தைத் துணியில் சுற்றியோ, அணைத்து வைத்த ஓவனுக்குள்ளோ 6 முதல் 8 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பாலை நன்றாகச் சூடாக்கினால் அதிலுள்ள புரதத்தின் அமைப்பு மாறித் தயிர் கெட்டியாக உறையும், அந்தப் படியைக் குறைத்தால் நீர்க்கும். உறையைக் கடையில் வாங்கினால் உயிருள்ள நுண்ணுயிர்கள் உள்ளதாக அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தயிர் கிடைத்ததும் சாப்பிடும் முன் அடுத்த முறைக்கான உறையைச் சுத்தமான சிறு டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் பாலிலிருந்து ஏறத்தாழ ஒரு லிட்டர் தயிர் வரும், எனவே பால் விலையையும் தயிர் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே லாபம் தெரிந்துவிடும். இரண்டும் நெருக்கமாக இருந்தால் இந்தப் பொருளை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்தது உலர்ந்த பயறு. ஒரு கிலோ உலர்ந்த பயறு வெந்த பிறகு சுமார் 2 முதல் 2.5 கிலோ ஆகும். வழக்கமான 400 கிராம் டின்னில் தண்ணீரை வடித்தால் மிஞ்சுவது 240 கிராம் அளவுதான். அதாவது அரைக் கிலோ உலர்ந்த பயறு நான்கைந்து டின்னுக்கு ஈடு. முந்தைய இரவு 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, பிரஷர் குக்கரில் மொத்தமாக வேகவைத்து, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உறைநிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டால் எரிபொருளும் நேரமும் மிச்சம்.

இதில் ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் மனதில் வையுங்கள். ராஜ்மா என்று விற்கப்படும் சிவப்பு நிற, சிறுநீரக வடிவப் பயறில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தி வரும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில், தளதளவென்று கொதிக்கும் நிலையில் குறைந்தது 10 நிமிடம், பாதுகாப்புக்கு 30 நிமிடம் வேகவிட வேண்டும். மெதுவாகச் சமைக்கும் மின்குக்கர்கள் கொதிநிலையை எட்டாமல் போகலாம், அதில் நேரடியாகப் போடாதீர்கள்.

மூன்றாவது பிரெட். 500 கிராம் மாவு, 340 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் உலர் ஈஸ்ட். பிசைந்து இரட்டிப்பாக உப்பவிட்டு, வடிவம் கொடுத்து மீண்டும் உப்பவிட்டு, 220 டிகிரியில் 30 முதல் 40 நிமிடம். பிசைய நேரமில்லை என்றால் ஈஸ்ட்டை ஒரு கிராமாகக் குறைத்து, கலந்து மூடி 12 முதல் 18 மணி நேரம் விட்டுவிட்டால் காலம் அந்த வேலையைச் செய்துவிடும். பிரெட்டில் மாவு விலையைவிட மின்சாரத்தைப் பாருங்கள். சூடேறும் நேரத்தையும் சேர்த்தால் ஒருமுறை ஓவனை ஓட்ட 1 முதல் 2 யூனிட் வரை ஆகலாம். ஒரே சூட்டில் இரண்டு மூன்று பிரெட்டாகச் சுட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் துண்டு போட்டு உறையவைத்தால்தான் கணக்கு கட்டுப்படியாகும். கடையில் மிக மலிவான பிரெட் வாங்கும் வீட்டில் இதில் பெரிதாக மிஞ்சாது. தானிய பிரெட், கைவினை பிரெட் வாங்கும் வீட்டில் நன்றாகவே மிஞ்சும்.

இந்தக் கட்டத்தில் பலர் விழும் குழி, கருவி வாங்குவது. தயிர் இயந்திரம், பிரெட் இயந்திரம், உலர்த்தும் இயந்திரம் எதுவும் முதல் மூன்று மாதம் வேண்டாம். சமையலறைத் தராசு ஒன்று மட்டும் வாங்கலாம். உப்பு, மாவு, ஈஸ்ட் மூன்றுக்கும் அது தேவை.

4. ஜன்னலோரத்தில் பழகுங்கள்

மண்ணில்லாமல் முளைகட்டுவதே முதல் விவசாயம். பச்சைப் பயறை இரவு ஊறவைத்து, வடித்து, காற்றுப்போகும் துணியோ வலையோ கட்டிய பாட்டிலில் வைத்து, காலையும் மாலையும் அலசினால் 2 முதல் 4 நாளில் முளை தயார். ஆனால் முளைக்கு வேண்டிய அதே வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் பிடிக்கும். 2011இல் ஜெர்மனியை மையமாகக் கொண்டு பரவிய ஈ.கோலை தொற்றில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது முளைகட்டிய விதைகள். அதனால் உண்பதற்கென்றே விற்கும் பயறை மட்டும் வாங்குங்கள், விதைப்பதற்கு விற்கும் விதையில் மருந்து பூசியிருக்கலாம். கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், முதியோர், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு வேகவைத்தே கொடுங்கள். மற்றவர்களுக்கும் அதுவே நல்லது.

வேருடன் வாங்கிய வெங்காயத்தாளின் அடிப்பகுதி இரண்டு விரற்கடை விட்டு நறுக்கி, வேர் மட்டும் நனையும்படி நீரில் நிறுத்தினால் ஓரிரு வாரத்தில் மீண்டும் தழைக்கும். இரண்டு முறை வெட்டிய பிறகு சத்து குறைந்து மெலியும், அப்போது மண்ணுக்கு மாற்றுங்கள். புதினாத் தண்டையும் நீரில் வைத்து வேர்விட வைக்கலாம். விதைப் பாக்கெட் வாங்கும் செலவே இல்லை. புதினாவைத் தனித் தொட்டியில் மட்டும் வையுங்கள், விட்டால் பாத்தி முழுக்கப் பரவிவிடும்.

5. வெயிலை அளந்துவிட்டுப் பயிரை முடிவுசெய்யுங்கள்

ஒரு விடுமுறை நாளில் காலை முதல் மாலை வரை மணிக்கொரு முறை எட்டிப் பார்த்து, இடத்தில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காய்க்கும் பயிர்களான தக்காளி, மிளகாய், கத்தரி, பீன்ஸ், வெள்ளரிக்கு 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். கீரை, லெட்டூஸ், புதினா, வெங்காயத்தாள் 3 முதல் 4 மணி நேரத்தில் சமாளிக்கும். அதற்கும் குறைவு என்றால் முளைகட்டுவதோடு நிறுத்திக்கொண்டு சமூகத் தோட்டத்துக்குக் காத்திருங்கள். வெயில் இல்லாத இடத்தில் விளக்கு வாங்கி வைத்துத் தக்காளி வளர்த்தால் மின்கட்டணம் தக்காளியைத் தின்றுவிடும்.

எது பணம் மிச்சப்படுத்தும்? சமையலுக்கு வாசனை தரும் இலைகள், கீரைகள், சாலட் இலைகள், மிளகாய், செர்ரி தக்காளி, கொடி பீன்ஸ். எடைக்கு விலை அதிகம், அல்லது சீக்கிரம் வாடுபவை, அல்லது ஒரே செடியில் பல வாரம் பறிக்கக் கூடியவை. உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், முட்டைக்கோஸ், தானியம் ஆகியவை எங்கும் மலிவாகக் கிடைப்பவை, இடத்தையும் மாதக்கணக்கில் பிடித்துக்கொள்ளும். நிலம் தாராளமாக இருப்பவர்களுக்கே அவை ஏற்றவை. பூண்டு மண்ணில் எட்டு ஒன்பது மாதம்கூட இருக்கும்.

6. வரம்பு போட்டுக்கொண்டு வாங்குங்கள்

கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். மாதச் சாப்பாட்டுச் செலவு 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் கீரைக்கும் வாசனை இலைக்கும் தக்காளிக்கும் போவது 8 பங்கு. பாதியை நீங்களே விளைவித்தால் மாதம் 4 பங்கு மிச்சம். உங்கள் பருவநிலையில் ஆண்டுக்கு 8 மாதம் விளையும் என்றால் ஆண்டுக்கு 32 பங்கு. தொட்டி, மண், விதை, உரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து முதல் ஆண்டுச் செலவு இந்த 32க்குள் நிற்க வேண்டும். பாதியிலேயே நின்றால் இன்னும் நல்லது. உங்கள் ரசீதிலிருந்து உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

தொட்டிக்குப் பணம் கொடுக்க அவசியமே இல்லை. உணவுப் பொருள் வந்த வாளி, டப்பா, கெட்டியான பை எல்லாம் போதும், அடியில் துளை மட்டும் கட்டாயம். கீரைக்கு 15 செ.மீ. ஆழம் போதும், தக்காளிக்கு 30 செ.மீ. ஆழமும் 20 லிட்டர் கொள்ளளவும் வேண்டும். பெயின்ட், ரசாயனம் வந்த வாளிகளையும், மருந்து ஏற்றிய பழைய மரப்பலகைகளையும் தவிர்த்துவிடுங்கள். அப்படிப் பதப்படுத்திய பழைய மரத்தில் ஆர்சனிக் இருந்திருக்கக்கூடும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் மண். தோட்ட மண்ணை மட்டும் தொட்டியில் அடைத்தால் இறுகி, வேர் மூச்சுவிடாது. மட்கிய உரம் ஒரு பங்கு, கோகோபீட் என்ற தேங்காய் நார்த் தூள் ஒரு பங்கு, மணலோ பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல் துகளோ ஒரு பங்கு என்று கலந்தால் பெரும்பாலான கீரைக்கும் காய்க்கும் சரியாக வரும். ஒரு பருவம் முடிந்ததும் மண்ணைக் கொட்ட வேண்டாம். வேரை எடுத்துவிட்டு, கால் பங்கு புது மட்கு சேர்த்து மீண்டும் பயன்படுத்துங்கள். தக்காளி, மிளகாய், கத்தரி, உருளை நான்கும் ஒரே குடும்பம் என்பதால் அதே மண்ணில் அடுத்த முறை வேறு குடும்பப் பயிரைப் போடுங்கள்.

மட்கை வீட்டிலேயே செய்ய இன்றே தொடங்குங்கள், ஏனென்றால் 3 முதல் 6 மாதம் ஆகும். காய்கறிக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ இரண்டு மூன்று பங்கு. நாற்றம் வந்தால் காய்ந்தது போதவில்லை என்று பொருள். இறைச்சி, எண்ணெய், பால் பொருள் போடாதீர்கள், எலி வரும்.

விதை வாங்கும்போது பாக்கெட்டில் மூன்று விஷயம் பாருங்கள்: பாக்கெட் செய்த ஆண்டு, முளைப்புத் திறன், ரகம். வெங்காய விதை ஓரிரு ஆண்டில் வீரியம் இழக்கும், தக்காளி விதை உலர்ந்த குளிர்ந்த இடத்தில் நான்கு ஆண்டுகூடத் தாங்கும். எஃப்1 என்று எழுதிய கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது. அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்க நினைத்தால் நாட்டு ரகமோ, தன்போக்கில் மகரந்தம் சேரும் ரகமோ கேட்டு வாங்குங்கள். பழைய பாக்கெட் கையில் இருந்தால் 10 விதையை ஈரத்துணியில் மடித்து ஒரு வாரம் வையுங்கள். ஆறு ஏழாவது முளைத்தால் கொஞ்சம் நெருக்கமாக விதைத்துக்கொள்ளலாம்.

வேறு நாட்டிலிருந்து தபாலில் விதை வரவழைப்பவர்கள் கவனிக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் அதற்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், சில இடங்களில் இறக்குமதி அனுமதியும் கேட்பார்கள். இல்லாவிட்டால் சுங்கத்தில் பிடித்து அழித்துவிடலாம், கட்டிய பணமும் திரும்பாது.

7. சிறிது சிறிதாக விதையுங்கள்

விதையின் அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். மிகச் சிறிய விதையை மேலாகத் தூவி மெல்லிய மண் போர்த்தினால் சரி.

பாக்கெட்டை முழுவதும் ஒரே நாளில் விதைப்பதுதான் வீட்டுத் தோட்டத்தில் அதிகமாகப் பணம் வீணாகும் பழக்கம். கீரை எல்லாம் ஒரே வாரத்தில் தயாராகி, பாதியைக் கொட்டிவிட்டு, அடுத்த மாதம் மீண்டும் கடையில் வாங்க வேண்டிவரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு தொட்டி அளவு விதைத்துவாருங்கள். வீட்டில் எப்போதும் ஒரு தொட்டி பறிக்கத் தயாராகவும், ஒன்று வளர்ந்துகொண்டும், ஒன்று முளைத்துக்கொண்டும் இருக்கும்.

பறிக்க எவ்வளவு நாளாகும் என்பது ரகத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. முள்ளங்கி 25 முதல் 30 நாள், கீரைகள் 30 முதல் 45 நாள், பீன்ஸ் 50 முதல் 60 நாள், தக்காளி நாற்று நட்டதிலிருந்து 60 முதல் 80 நாள் என்று எதிர்பாருங்கள். முதன்முறை செய்பவர்கள் கீரையும் முள்ளங்கியும் போடுங்கள். ஒரு மாதத்தில் தட்டுக்கு வந்துவிடும், மனமும் தளராது. தக்காளிக்கு இரண்டு மூன்று நாற்றுதான் தேவை என்றால் விதை வாங்குவதைவிட நாற்றாகவே வாங்குவது மலிவு. வீட்டுக்குள் வளர்த்த நாற்றை ஒரே நாளில் முழு வெயிலில் வைக்காமல், 7 முதல் 10 நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியில் வைத்துப் பழக்குங்கள்.

கீரையை வேரோடு பிடுங்காமல் வெளி இலைகளை மட்டும் பறித்து, நடுக் குருத்தை விட்டுவைத்தால் அதே செடி பல முறை தரும்.

8. தண்ணீர், பூச்சி

விரலை மண்ணுக்குள் இரண்டு மூன்று செ.மீ. விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காலையில், வேர்ப் பகுதியில் ஊற்றுங்கள். தொட்டிச் செடி வாடுவதைவிட அழுகிச் சாவதே அதிகம். மண்ணின் மேல் காய்ந்த இலை பரப்பினால் தண்ணீர்ச் செலவு குறையும்.

அசுவினி, மாவுப்பூச்சி தெரிந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதற்கும் போகாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பு கலந்து, ஓர் இலையில் தெளித்துப் பார்த்துவிட்டு, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். செடிக்கொரு மருந்து என்று பாட்டில்களாக வாங்கி அடுக்கத் தொடங்கினால் போட்ட வரம்பு கைமீறிவிடும்.

9. மிஞ்சியதைக் காப்பாற்றும்போது பாதுகாப்பு முதலில்

உறையவைப்பதுதான் ஆபத்து குறைந்த வழி. கீரை, பீன்ஸ் போன்றவற்றைக் கொதிநீரில் 2 முதல் 3 நிமிடம் போட்டு, உடனே ஐஸ் நீரில் ஆற்றி, நீரை வடித்து, கழித்தல் 18 டிகிரியில் வைத்தால் மாதக்கணக்கில் நிறமும் சுவையும் நிற்கும்.

உப்பிட்டுப் புளிக்கவைப்பது மலிவான வழி. ஒரு கிலோ காய்க்கு 20 முதல் 25 கிராம் உப்பு, அதாவது எடையில் 2 முதல் 2.5 சதவீதம். காய் முழுக்க உப்புநீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். 18 முதல் 22 டிகிரியில் ஒன்று முதல் நான்கு வாரம். பஞ்சு மாதிரிப் பூஞ்சை பிடித்தால் மேலே வழித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

பாட்டிலில் அடைத்து அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கும் முறையில் மட்டும் குத்துமதிப்பாக எதையும் செய்யாதீர்கள். புளிப்பு குறைந்த, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.6க்கு மேல் உள்ள காய்கறி, பயறு, இறைச்சி எல்லாவற்றிலும் பொட்டுலிசம் என்ற உயிருக்கு ஆபத்தான நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும். அதன் வித்துகள் சாதாரணக் கொதிநீரில் சாகாது, அதற்கென்று உள்ள அழுத்தக் கலத்தில் 116 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். நச்சு கலந்த உணவில் நாற்றமோ நிறமாற்றமோ இல்லாமலும் இருக்கலாம். எண்ணெயில் பச்சைப் பூண்டைப் போட்டு வெளியில் வைப்பதும் இதே ஆபத்துதான். அதைக் குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். உருளைக்கிழங்கு விளைவித்தவர்கள் இருட்டில் சேமியுங்கள். பச்சை நிறம் ஏறிய கிழங்கில் சோலனைன் என்ற நச்சு கூடியிருக்கும், வேகவைத்தாலும் போகாது.

10. பருவம் முடிந்ததும் நோட்டை எடுங்கள்

பறித்த ஒவ்வொரு முறையும் தராசில் வைத்து எடையை எழுதிவந்திருந்தால், அன்றைய கடை விலையால் பெருக்கினால் உங்கள் வரவு தெரியும். செலவுப் பக்கத்தில் தண்ணீர், மின்சாரம், எரிவாயுவையும் சேருங்கள். கடையில் நீங்கள் வாங்கியிருக்கவே மாட்டாத பொருளை வரவில் சேர்க்காதீர்கள். பத்துக் கிலோ சுரைக்காய் விளைந்து, வீட்டில் இரண்டு கிலோதான் சாப்பிட்டீர்கள் என்றால் வரவு இரண்டு கிலோதான். கட்டுப்படியாகாத பயிரை அடுத்த பருவம் நீக்கிவிட்டு, நன்றாக வந்ததற்கு அந்தத் தொட்டியைக் கொடுங்கள்.

மிஞ்சுவதை விற்கலாமா என்ற யோசனை இந்தக் கட்டத்தில் வரும். பறித்த கீரையை அப்படியே விற்பதற்கும், சமைத்த, புளிக்கவைத்த, பாட்டிலில் அடைத்த பொருளை விற்பதற்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும். இரண்டாவதற்குப் பெரும்பாலான நாடுகளில் உணவுத் தொழில் பதிவு, சமையலறைச் சோதனை, பொருட்களையும் ஒவ்வாமை தருபவற்றையும் சொல்லும் அட்டை ஆகியவை தேவைப்படும். வாடகை வீடானால் அங்கே தொழில் செய்யலாமா என்பதும் ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருக்கும். முதல் பாட்டிலை விற்கும் முன் உள்ளூர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் என்னென்ன ஆவணம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் என்று எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தக் கட்டணத்தையும் அதே நோட்டின் செலவுப் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.